ஒரு ஆற்றுப்படை, ஒரு மாதம்: உப்பில்லாக் கீரையிலிருந்து உப்பளம் வரை

சங்க இலக்கியமான பத்துப்பாட்டில் ஒன்று சிறுபாணாற்றுப்படை. அதில் மொத்தம் 269 அடிகள். அதற்குள் ஐந்து இடங்களில் சாப்பாடு வருகிறது. மூன்று ஊர்களும் ஒரு அரண்மனையும் வருகின்றன. கிலுகிலுப்பை ஆட்டும் குரங்கு ஒன்றும் உண்டு. வீட்டிலேயே படிக்கும் பிள்ளைகளுக்கு இதைவிட வசதியான பாடப்புத்தகம் எனக்கு அகப்படவில்லை. எங்கள் வீட்டில் படிப்பது இருவர். பெரியவளுக்குப் பன்னிரண்டு வயது, சின்னவனுக்கு எட்டு. ஒரு மாதம் முழுக்க இந்த ஒரு பாட்டோடு எப்படி ஓட்டலாம் என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். தமிழ், அறிவியல், கணக்கு, சமையல், ஊர்சுற்றல் எல்லாம் இதற்குள் வந்துவிடும்.

ஆற்றுப்படை என்றால், பரிசு வாங்கிக்கொண்டு திரும்பும் ஒருவன் வறுமையில் வாடும் இன்னொருவனிடம் "இன்ன வழியாகப் போ, இன்ன ஊரில் இன்ன சாப்பாடு கிடைக்கும், கடைசியில் இந்த அரசனைப் பார்" என்று வழி சொல்வது. இங்கே வழி கேட்பவன் யாழ் வாசித்துப் பாடும் பாணன், அந்த அரசன் ஓய்மாநாட்டு நல்லியக்கோடன். பாடியவர் இடைக்கழிநாட்டு நல்லூர் நத்தத்தனார். பாடம், சாப்பாடு, பயணம் மூன்றையும் புலவரே கோத்து வைத்துவிட்டார். நாம் புதிதாக எதையும் ஒட்டவைக்க வேண்டியதில்லை.

ஒட்டவைப்பதில்தான் எனக்கு ஒரு பிடிவாதம் உண்டு. கதைக்குப் பொருத்தமாகச் சாப்பாடு என்று சொல்லி, இட்லிமேல் கேரட்டில் கிரீடம் செய்து வைத்து "ராஜா இட்லி" என்பார்கள். பிள்ளைக்குச் சந்தோஷம்தான். ஆனால் அதில் படிப்பு எங்கே? எங்கள் வீட்டில் சமைப்பதற்கு முன்னால் "எந்த அடிக்காக?" என்று கேட்டுக்கொள்வோம். கிளம்புவதற்கு முன்னால் "எந்தக் கேள்விக்காக?" என்று கேட்போம். பதில் இல்லையென்றால் வழக்கமான சாம்பார், வழக்கமான ஞாயிற்றுக்கிழமை.

முதலில் நீங்கள் படியுங்கள்

உ.வே. சாமிநாதையர் 1889-இல் நச்சினார்க்கினியர் உரையோடு பத்துப்பாட்டைப் பதிப்பித்தார். அந்த உரை பெரியவர்களுக்கே கொஞ்சம் மூச்சு வாங்கும். வீட்டுக்குப் பொ.வே. சோமசுந்தரனார் உரை போதும். மூலமும் உரையும் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. பிள்ளைகள் கையில் கொடுக்க, சந்தி பிரித்த மூலத்தைப் பெரிய எழுத்தில் அச்செடுத்து, அடிக்கு நடுவே நிறைய இடம் விட்டு வைத்துக்கொள்ளுங்கள். அந்த இடத்தில்தான் அவர்கள் படம் போடுவார்கள்.

மாதம் தொடங்குவதற்கு முன்னால் பெற்றோரில் ஒருவராவது முழுப்பாட்டையும் படித்துவிட வேண்டும். தொடக்கத்தில் ஆடிப்பாடும் பெண்களான விறலியரின் தலை முதல் கால் வரை வருணனை வரும். சின்னப் பிள்ளைகளுக்கு அது தேவையில்லை, தாண்டிவிடலாம். வஞ்சி, மதுரை, உறந்தை மூன்றும் வரும் பகுதியும், பேகன் பாரி முதலான ஏழு வள்ளல்கள் வரும் பகுதியும் கதையாகச் சொல்லவே ஏற்றவை. மயிலுக்குப் போர்வை, முல்லைக்குத் தேர் என்று பிள்ளைகளுக்குப் பாதி ஏற்கெனவே தெரிந்திருக்கும். அதனால் அங்கே வேகமாகப் போங்கள்.

ஒரு நாளைக்குப் பத்து அடிக்கு மேல் வேண்டாம். முதலில் நீங்கள் வாய்விட்டுப் படியுங்கள், அப்புறம் அவர்கள். பொருள் அதற்கப்புறம்தான். ஆசிரியப்பாவின் ஓட்டம் காதில் ஏறிவிட்டால், பொருள் தெரியாத அடியைக்கூடச் சின்னவன் குளிக்கும்போது பாடிக்கொண்டிருப்பான்.

குரங்கிலிருந்து தொடங்குங்கள்

பாட்டை முதல் அடியிலிருந்துதான் தொடங்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. நாங்கள் 55-ஆம் அடியில் தொடங்குவோம். பாண்டிய நாட்டைச் சொல்லும் இடம் அது. உப்பு வணிகர்களான உமணர்களின் வண்டிகள் வரிசையாக வருகின்றன. அவற்றோடு வந்த மந்தி, அவர்கள் பிள்ளைபோலவே வளர்ந்தது. அது முத்துகளைக் கிளிஞ்சல் வயிற்றுக்குள் போட்டு மூடி, உமணப் பெண்களான உமட்டியர் பெற்ற பிள்ளைகளோடு சேர்ந்து "கிலுகிலி" ஆடுகிறது. கொற்கைக் கடற்கரையில் முத்தைக் கிலுகிலுப்பைக்குள் போட்டு விளையாடும் அளவுக்கு வளம் என்று சொல்ல வருகிறார் புலவர். எட்டு வயதுப் பையனுக்கு அந்த வளமெல்லாம் தேவையில்லை, குரங்கு போதும்.

இரண்டு கிளிஞ்சல் ஓடுகள், உள்ளே போட நாலு மணிகள், சுற்ற நூல் அல்லது கொஞ்சம் பசை. கிலுகிலி தயார். மணிக்குப் பதில் உளுந்து, கடுகு, கல்லுப்பு என்று மாற்றிப் போட்டு, சத்தம் எப்படி மாறுகிறது என்று கேட்கச் சொல்லுங்கள். ஒரு காலை நேரம் அதிலேயே போய்விடும், போகட்டும்.

இந்த இடத்தில் உமணர் வண்டியை மனத்தில் குறித்து வையுங்கள். "உப்பு" என்று பெரிதாக எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். ஏன் என்று இப்போதே சொல்ல வேண்டாம்.

கதவைச் சாத்திக்கொண்டு ஒரு சாப்பாடு

மாதத்தின் நடுநாயகம் இதுதான். 130-ஆம் அடியை ஒட்டிப் பாணன் வீட்டு அடுப்படி வருகிறது. கண் திறக்காத குட்டிகள் பால் குடிக்க வர, பாலில்லாத தாய்நாய் வலி தாங்காமல் குரைக்கிறது. சுவர் இடிந்து கிடக்கிறது, காளான் பூத்திருக்கிறது. பசியில் மெலிந்த கிணைமகள், அதாவது கிணைப்பறை கொட்டும் குடிப் பெண், குப்பையில் முளைத்த வேளைக்கீரையை நகத்தால் கிள்ளி வந்து வேகவைக்கிறாள்.

"குப்பை வேளை உப்பிலி வெந்ததை
மடவோர் காட்சி நாணிக் கடையடைத்து
இரும்பேர் ஒக்கலொடு ஒருங்குடன் மிசையும்"

உப்பில்லாமல் வெந்த அந்தக் கீரையை, விவரம் தெரியாதவர்கள் பார்த்துவிடப் போகிறார்களே என்று வெட்கப்பட்டு, கதவைச் சாத்திக்கொண்டு, சுற்றத்தார் எல்லாரோடும் சேர்ந்து சாப்பிடுகிறார்கள்.

இதைச் சமைப்பது எளிது. நல்வேளைக் கீரை வேலியோரத்திலும் தரிசிலும் தானாக முளைக்கும். கீரை அடையாளம் தெரிந்த பெரியவர் ஒருவர் கூட இருந்தால் மட்டும் பறியுங்கள். எங்களுக்கு மாமியார் இருக்கிறார். சாக்கடை ஓரம், மருந்தடித்த வயல் ஓரம் கூடாது. கிடைக்காவிட்டால் கடையில் கிடைக்கும் ஏதாவது ஒரு கீரை, முருங்கைக்கீரை என்றால் இன்னும் நல்லது. லேசான கசப்பு இருந்தால்தான் விஷயம் புரியும். நன்றாக அலசி, தண்ணீரில் வேகவையுங்கள். எண்ணெய் இல்லை, தாளிப்பு இல்லை, உப்பு இல்லை, சோறும் இல்லை. கதவைச் சாத்துங்கள், ஜன்னலையும்தான். ஒரே பாத்திரத்தைச் சுற்றி உட்காருங்கள்.

சாப்பிடும்போது விளக்கம் சொல்லாதீர்கள். "ஏழைகள் எவ்வளவு கஷ்டப்படுகிறார்கள் பார்" என்று ஆரம்பித்தால், பிள்ளைகள் அந்த நிமிடமே காதை மூடிக்கொள்வார்கள். சும்மா இருங்கள். கேள்வி அங்கிருந்து வரும். எங்கள் வீட்டில் சின்னவன்தான் கேட்டான்: "ஏன் ஆயா, உப்பு வாங்கக்கூடவா காசில்ல?" மாமியார் வாயிலிருந்த கீரையை மென்றுகொண்டே, "காசிருந்தா கதவ எதுக்குச் சாத்தறா?" என்றார். நச்சினார்க்கினியருக்கு அப்புறம் இந்த அடிக்கு நான் கேட்ட நல்ல உரை அது.

பெரியவள் கேள்வியை இன்னும் கொஞ்சம் இழுத்தாள். கடல் பக்கத்தில்தானே இருக்கிறது, உமணர் வண்டி வண்டியாகக் கொண்டு போகிறார்களே, இவர்களுக்கு மட்டும் ஏன் உப்பில்லை? அந்தக் கேள்வியை அப்படியே பெரிய எழுத்தில் எழுதி, சுவரில் "உப்பு" என்ற தாளுக்குக் கீழே ஒட்டிவிட்டோம். மாதத்தின் மிச்சம் முழுக்க அதற்குப் பதில் தேடுவதுதான்.

மறுநாள் அதே கீரையை உப்போடு வேகவைத்துக் கொடுங்கள். கசப்பு குறைந்திருக்கும். உப்பு சுவையைக் கூட்டுவதோடு கசப்பு நாக்கில் தெரிவதையும் அமுக்குகிறது. இரண்டு கிண்ணம், கண்ணைக் கட்டிச் சுவை பார்த்தல், அட்டவணை போடுதல் என்று அறிவியல் பாடம் ஒன்று இலவசமாகக் கிடைக்கும்.

அடித்துப் போடும் பட்டியல்

வழியில் வரும் சாப்பாட்டுக்குப் போவதற்கு முன் ஒரு வேலை. இன்று நம் அடுக்களையில் இருக்கும் பொருள்களை எல்லாம் பிள்ளைகளை ஒரு தாளில் எழுதச் சொல்லுங்கள். நல்லியக்கோடன் காலத்தில் இங்கே இல்லாதவற்றை அடிக்கச் சொல்லுங்கள். மிளகாய், தக்காளி, உருளைக்கிழங்கு, நிலக்கடலை, முந்திரி, மக்காச்சோளம் எல்லாம் அமெரிக்கக் கண்டத்துச் சரக்கு. போர்த்துக்கீசியர் வந்த பிறகு, 16-ஆம் நூற்றாண்டிலிருந்துதான் இந்தப் பக்கம் வரத் தொடங்கின. மிளகாய் போச்சு என்றதும் சின்னவன் முகத்தில் வந்த நிம்மதியைப் பார்க்க வேண்டுமே. மிளகு, புளி, எள், இஞ்சி, மஞ்சள், பால், நெய் மிஞ்சும். மோசமில்லை.

எயிற்பட்டினத்தில், அதாவது கடற்கரை ஊரில், சுட்ட "வறற் குழல்" கிடைக்கும் என்கிறார். உலர்ந்த குழல்மீன். நாங்கள் நெத்திலிக் கருவாட்டை வெந்நீரில் அலசி, தவாவில் எண்ணெயில்லாமல் வாட்டினோம். அடுக்குமாடியில் இருப்பவர்கள் பக்கத்து வீட்டில் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுச் செய்யுங்கள். கூடவே மீனவப் பெண்ணான நுளைமகள் அரித்த தேறலும் வருகிறது. அது கள் என்பதை மறைக்காமல் சொல்லிவிட்டு, பதநீர் கிடைக்கும் காலமென்றால் அதை ஊற்றிக் கொடுக்கலாம். அந்த அடிகளில் சாப்பாட்டைவிட எனக்குப் பிடித்தது விறகு. அலை கொண்டுவந்து ஒதுக்கிய மணமுள்ள மரக்கட்டைகள், ஒட்டகம் படுத்துத் தூங்குவதுபோல் கிடக்கின்றனவாம். தமிழ்க் கடற்கரையில் ஒட்டகம் எப்படி வந்தது என்று பெரியவளிடம் கேட்டுவிட்டு நான் சும்மா இருந்துவிட்டேன். புதுச்சேரிப் பக்கத்து அரிக்கமேடு, ரோமர் வணிகம், 1945-இல் அங்கே தொல்லியலாளர் வீலர் தோண்டியது என்று அவளே தேடிப் போய்விட்டாள்.

வேலூரில் (இன்றைய வேலூர் நகரம் இல்லை) வேட்டுவப் பெண்களான எயிற்றியர் சமைத்த "இன்புளி வெஞ்சோறு", கூட ஆமான் சூடு. இன்றைய புளியோதரையை நினைக்காதீர்கள். வறுத்த கடலை இல்லை, மிளகாய் இல்லை. புளியை நல்லெண்ணெயில் கொதிக்கவிட்டு, மிளகும் வறுத்த எள்ளும் பொடித்துப் போட்டு, சூடான சோற்றில் பிசைந்தோம். சூடு முக்கியம், "வெஞ்சோறு" என்கிறாரே. எள்ளும் மிளகும் பாட்டில் இல்லை, அது எங்கள் கைச்சரக்கு. இப்படிச் சேர்ப்பதையெல்லாம் குறிப்பேட்டில் வேறு நிறத்தில் எழுதவைக்கிறேன். ஆமான் என்பது காட்டுப்பசு. அதைத் தேடிப் போனால் வனத்துறைதான் வரும். ஆட்டுக்கறியைச் சுட்டுக்கொள்ளுங்கள். சைவமென்றால் சேனைக்கிழங்கு சுட்டால் நன்றாக இருக்கும்.

ஆமூர்ச் சாப்பாட்டுக்குத்தான் நேரம் வேண்டும். "இருங்காழ் உலக்கை இரும்பு முகம் தேய்த்த அவைப்பு மாண் அரிசி" என்று வருகிறது. உலக்கையின் இரும்புப் பூண் தேயும் அளவுக்குக் குத்தித் தீட்டிய அரிசி. அந்த வெண்சோற்றோடு நண்டு. சமைப்பதைவிட அரிசி ஆக்குவதுதான் இங்கே பாடம். தெரிந்த விவசாயியிடம் ஒரு படி நெல் வாங்குங்கள். விதைநெல் வேண்டாம், அதில் மருந்து கலந்திருக்கும். வீட்டில் உரலும் உலக்கையும் இல்லாவிட்டால் ஊர்ப்பக்கம் யார் வீட்டுக் கொல்லையிலாவது ஒன்று கவிழ்ந்து கிடக்கும்.

இருவர் மாற்றி மாற்றிப் போடும் உலக்கையின் தாளம் முதலில் பிள்ளைகளுக்கு வராது. நெல் வெளியே சிதறும். மாமியார் காலால் ஓரம் ஒதுக்கிவிட்டுக்கொண்டே இருந்தார். கொஞ்ச நேரத்தில் உமி பிரியும். முறத்தில் புடைத்தால் உமி முன்னால் பறக்கும், அரிசி பின்னால் தங்கும். மறுபடி குத்தினால் தவிடு. இரண்டாம் முறை குத்திய அரிசியைக் கடை அரிசிக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், நம்முடையது பழுப்பாகத்தான் இருக்கும். அதை வெள்ளையாக்க இன்னும் எவ்வளவு குத்த வேண்டும் என்று கை வலியோடு யோசிக்கும்போதுதான் "இரும்பு முகம் தேய்த்த" உறைக்கிறது. பழைய உலக்கையின் பூணைத் தடவிப் பார்க்கச் சொல்லுங்கள். ஓரம் மழுங்கியிருக்கும். குத்துவதற்கு முன்னால் நெல்லையும், பின்னால் அரிசி, உமி, தவிடு மூன்றையும் தனித்தனியாக எடை போட்டுவிடுங்கள். சதவீதக் கணக்குக்கு வேறு உதாரணம் தேட வேண்டாம்.

அதே ஆமூரில், வழிப்போக்கரைச் சாப்பிடாமல் போகவிடாமல் தடுக்க உழவர் வீட்டுப் பெண் தன் பிள்ளைகளை அனுப்புகிறாள் என்று உரை சொல்கிறது. சின்னவன் அன்று வாசலில் நின்று, போஸ்ட்மேனைக் கையைப் பிடித்து இழுத்தான். அவர் நண்டு சாப்பிடமாட்டாராம், மோர் குடித்துவிட்டுப் போனார்.

மரக்காணம் போகும் நாள்

எயிற்பட்டினம் என்பது இன்றைய மரக்காணம் என்றும், வேலூர் என்பது உப்புவேலூர் என்றும், நல்லியக்கோடனின் ஊரான "கிடங்கில்" என்பது திண்டிவனத்துக் கிடங்கல் என்றும் அறிஞர்கள் பலர் அடையாளம் சொல்கிறார்கள். எல்லாரும் எல்லாவற்றையும் ஒப்புவதில்லை. அதையும் பிள்ளைகளுக்குச் சொல்லிவிடுங்கள். மரக்காணத்திலிருந்து திண்டிவனம் சுமார் 35 கிலோமீட்டர். கிழக்குக் கடற்கரைச் சாலையில் போகும் சென்னை – புதுச்சேரிப் பேருந்துகள் மரக்காணத்தில் நிற்கும். அங்கிருந்து திண்டிவனத்துக்கும் பேருந்து உண்டு. கார் இல்லாமலே முடியும்.

எந்த மாதம் என்பது முக்கியம். வடகிழக்குப் பருவமழையில் உப்பளம் வெறும் தண்ணீர். மழை முடிந்து பாத்தி கட்டி, தை மாசியில் வேலை தொடங்கும். கோடை முழுக்க உப்பு வாருவார்கள். பக்கத்திலுள்ள கழுவெளி ஏரிக்கு வலசைப் பறவைகள் வருவது குளிர்காலத்தில். 2021-இல் அதைப் பறவைகள் சரணாலயமாக அறிவித்தார்கள். இரண்டையும் ஒரே நாளில் பார்க்க வேண்டுமென்றால் மாசி மாதம்தான் தோது.

விடியும்போது அங்கே இருக்க வேண்டும். வெயில் ஏறினால் வெள்ளை உப்பிலிருந்து அடிக்கும் கூச்சம் கண்ணைத் திறக்கவிடாது. தொழிலாளர்களும் சீக்கிரம் தொடங்கிச் சீக்கிரம் முடிக்கிறவர்கள்தான். முதலில் மேஸ்திரியைப் பார்த்து அனுமதி கேளுங்கள். வரப்புமேல் மட்டும் நடங்கள். பாத்திக்குள் கால் வைத்தால் தளம் கெட்டுப்போகும், அது ஒருவருடைய கூலி. வேலை செய்பவர்களைக் கேட்காமல் படம் எடுக்க வேண்டாம். தொப்பி, தண்ணீர், காலில் புண் இருந்தால் அதற்கு ஒரு கட்டு. உப்பில் பட்டால் உயிர் போய்விடும்.

பார்க்க வேண்டியது இது. உவர்நீரை முதலில் பெரிய பாத்திகளில் தேக்குகிறார்கள். வெயிலில் நீர் ஆவியாக ஆவியாக, அடுத்தடுத்த பாத்திக்குத் தள்ளுகிறார்கள். வழியில் முதலில் ஜிப்சம் படிந்து பிரிந்துவிடும். கடைசிச் சின்னப் பாத்திகளில்தான் சோற்றுப்பு மணிகட்டும். அப்போதும் எல்லா நீரையும் வற்றவிடுவதில்லை. மிஞ்சும் நீரில் மக்னீசிய உப்புகள் சேர்ந்து கசக்கும் என்பதால் அதை வடித்துவிடுகிறார்கள். நீளக் கைப்பிடி வைத்த பலகையால் வாரி வரப்பில் குவிக்கும்போது வரும் சரசரப்பை சின்னவன் உடனே கண்டுபிடித்துவிட்டான்: "கிலுகிலிக்குள்ள உப்பு போட்டப்ப வந்த சத்தம்!"

பிள்ளைகள் ஆளுக்கு ஒரு கேள்விதான் கேட்கலாம் என்பது எங்கள் வழக்கம். ஒரே கேள்வி என்றால் வீட்டிலேயே யோசித்துத் தேர்ந்தெடுத்துக்கொண்டு வருவார்கள். பெரியவள் வாரிக்கொண்டிருந்த அக்காவிடம், "உங்க வீட்டுக்கு உப்பு காசு குடுத்து வாங்குவீங்களா?" என்று கேட்டாள். அவர் சிரித்துவிட்டு, "இங்க கெடக்கறத அள்ளினு போவேன், அரிசிக்குத்தான் கண்ணு காசு" என்றார்.

வீட்டுக்கு வந்து அகநானூற்று 140-ஆம் பாட்டை எடுத்தோம். உமணர் மகள் தெருவில் "நெல்லின் நேரே வெண்கல் உப்பு" என்று கூவுகிறாள். நெல்லுக்குச் சரி அளவு உப்பு. சுவரிலிருந்த கேள்விக்குக் கீழே பெரியவள் தானாகவே எழுதினாள்: பாணனுக்கு வயல் இல்லை, நெல் இல்லை, அதனால் உப்பும் இல்லை. அது அவளுடைய ஊகம்தான். ஆனால் இரண்டு பாட்டையும் ஒரு உப்பளத்தையும் வைத்து அவளே போட்ட முடிச்சு. இன்று ஒரு கிலோ கல்லுப்பு என்ன விலை, ஒரு கிலோ நெல் என்ன விலை என்று கடையில் விசாரித்து வரச் சொன்னேன். விகிதம் என்ற பாடம் அதோடு முடிந்தது.

பயணம் போக முடியாதவர்கள் மொட்டைமாடியிலேயே அளம் போடலாம். கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு இருக்கும். ஒரு லிட்டர் தண்ணீரில் அவ்வளவு கல்லுப்பைக் கரைத்து, பாதியை அகலத் தாம்பாளத்திலும் பாதியைச் சொம்பிலும் ஊற்றி வெயிலில் வையுங்கள். எது முந்தும், ஏன் என்று முதலிலேயே எழுதி வாங்கிவிடுங்கள். மணிகட்டியதும் பூதக்கண்ணாடியில் பார்த்தால் கனசதுரம் தெரியும்.

அந்தப் பக்கம் போனால் இடைக்கழிநாட்டில் ஆலம்பரைக் கோட்டையும் இருக்கிறது. கடலோரம், இடிந்த சுவர், ஏறிக் குதிக்க நல்ல இடம். ஆனால் அது 18-ஆம் நூற்றாண்டுச் சமாச்சாரம், நல்லியக்கோடனுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. அதை இன்னொரு நாளுக்கு வைத்துக்கொள்வது நல்லது. ஒரே நாளில் திணித்தால் பிள்ளைகளுக்கு இரண்டு காலமும் குழம்பும், அதோடு உப்பளம் மறந்து கோட்டை மட்டும்தான் நிற்கும்.

விருந்து

கடைசி வாரம் அரண்மனைச் சாப்பாடு. வீமனுடைய சமையல் நூலிலிருந்து வழுவாமல் செய்த பலவகை அடிசிலைப் பொற்கலத்தில் இட்டு, நல்லியக்கோடன் "தான் நின்று ஊட்டி" அனுப்புகிறான். என்ன பதார்த்தம் என்று பாட்டில் இல்லை. அதனால் இந்த ஒரு வேளைக்கு மட்டும் பிள்ளைகள் இஷ்டம், அடித்துப்போட்ட பட்டியலை மீறாமல். எங்கள் வீட்டில் பாற்பொங்கல், மிளகுக்கறி, வெல்லம் போட்ட எள்ளுருண்டை. பாத்திரம் எவர்சில்வர்தான்.

இந்த விருந்தில் ஒரே ஒரு நிபந்தனை. பிள்ளைகள்தான் நின்று பரிமாற வேண்டும், கடைசி ஆள் கை கழுவும்வரை உட்காரக் கூடாது. இரண்டு குடும்பத்தைக் கூப்பிடுங்கள். சாப்பாட்டுக்கு முன்னால் ஆளுக்கு இருபது அடி பாடினால் போதும், நாடகமெல்லாம் வேண்டாம். யாழின் தண்டில் வார்க்கட்டு சுற்றியிருப்பதைக் குரங்கு பாம்பைப் பிடித்ததுபோல என்று சொல்லும் அடியைச் சின்னவன் எடுத்துக்கொண்டான். மறுபடியும் குரங்குதான்.

எழுத்து வேலை, பரீட்சை

குறிப்பேட்டில் பக்கத்துக்கு மூன்று கட்டம் போதும்: அடி, செய்தது, சந்தேகம். பெரியவள் வழியில் ஒரு ஊரிலிருந்து பாணன் வீட்டுக்கு எழுதும் கடிதமாக வாரத்துக்கு ஒன்று எழுதுகிறாள். சின்னவன் ஒரு நீளமான தாளில் வழியை வரைகிறான். மதிப்பெண் போடுவதில்லை.

பரீட்சையைப் பற்றிக் கேட்பவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். தேசிய திறந்தநிலைப் பள்ளி நிறுவனம் வழியாக 14 வயது நிரம்பியபின் பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதலாம். அதற்கு முன்னால் 3, 5, 8-ஆம் வகுப்புக்குச் சமமான நிலைகளும் அங்கே உண்டு. கணக்குக்குத் தினமும் தனியாக ஒரு மணி நேரம் வைத்திருக்கிறோம். உப்பும் நெல்லும் இயற்கணிதம் சொல்லித்தராது.

அடுத்த ஆற்றுப்படைக்கு ஆசை வந்தால், அதே வருடத்தில் வேண்டாம், அலுத்துவிடும். எங்கள் வீட்டில் அடுத்தது பெரும்பாணாற்றுப்படை, 500 அடி, காஞ்சிபுரம் வரை போகும் வழி. அதில் முல்லை நிலத்தில் வரகுச்சோறும் அவரைப் பருப்பும், ஆயர் வீட்டில் பாலோடு தினைச்சோறும், அந்தணர் வீட்டில் மாவடு ஊறுகாயும் வருகின்றன. வடு மரத்திலிருந்து இறங்கும் மாசிக் கடைசியில் ஜாடியைக் கழுவிக் காயவைத்துவிட்டுத் தொடங்குங்கள். ஊறுவதற்கு நாள் வேண்டும்.